கை பிடிக்கட்டும், இடுப்பு வலிக்கட்டும்: கயாக் துடுப்பு பற்றிய எளிய விளக்கம்

கயாக் ஓட்டப் போகிறவர்கள் எல்லோரும் படகைத்தான் பார்க்கிறார்கள். மஞ்சளா சிவப்பா, ஒருவர் உட்காருவதா இருவர் உட்காருவதா என்று அலசிப் பார்த்து ஏறுகிறார்கள். துடுப்பு விஷயத்தில் அந்த அலசல் கிடையாது. கரையில் சாய்த்து வைத்ததில் கைக்கு எட்டியதை எடுத்துக்கொள்வதோடு சரி. அரை மணி நேரத்தில் தோள்பட்டை கடுக்கிறது, மடியெல்லாம் ஈரம், கட்டைவிரல் இடுக்கில் கொப்புளம், படகு நேராகப் போகாமல் பாம்பு போல நெளிகிறது. "படகு சரியில்லை" என்று பழியைப் படகின்மேல் போட்டுவிட்டு இறங்குகிறார்கள். பெரும்பாலும் கோளாறு துடுப்பில் இருக்கும். இல்லையென்றால் அதைப் போடும் விதத்தில் இருக்கும். இரண்டையும் ஒரே காலைப் பொழுதில் திருத்திக்கொள்ளலாம்.

காஞ்சிபுரத்தை ஒட்டிய நம் ஏனாத்தூர்க்காரர்களுக்கு இதில் ஒரு சிக்கல் உண்டு. காஞ்சிபுரம் வட்டாரத்தில் ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. தென்னேரி இருக்கிறது, உத்திரமேரூரில் பல்லவர் கால வைரமேகத் தடாகம் இருக்கிறது. ஏரியைப் பராமரிக்க அந்தக் காலத்தில் ஏரி வாரியம் என்றே தனிக்குழு வைத்திருந்த ஊர் உத்திரமேரூர். ஆனால் இவை பாசன ஏரிகள். கயாக்கில் ஏற வேண்டுமென்றால் நாம் கிழக்கு கடற்கரைச் சாலைக்குத்தான் போக வேண்டும். இங்குள்ள பல்கலைக்கழக மாணவர்கள் நாலு பேர் சேர்ந்து விடியற்காலையில் கிளம்பினால் இரண்டு மணி நேரத்தில் முட்டுக்காடு. அங்கே தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் 1984-இலிருந்து நடக்கிறது. தெற்கே போனால் முதலியார்குப்பம். இன்னும் தெற்கே சிதம்பரத்தை ஒட்டிப் பிச்சாவரம். ராமநாதபுரம் மாவட்டத்தில் காரங்காடு; அங்கே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் கயாக் ஓட்ட ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இந்த இடங்களில் எங்கே போனாலும் கீழே சொல்வது பொருந்தும்.

துடுப்பு நம் கடற்கரைக்குப் புதிதல்ல. கட்டுமரத்தில் மண்டியிட்டு, ஒரே ஒரு தட்டை (நீரைத் தள்ளும் அகன்ற முனை) உள்ள துடுப்பை வலமும் இடமும் மாற்றி மாற்றிப் போட்டு அலையைத் தாண்டிய மீனவர்கள் கோவளத்திலும் மாமல்லபுரத்திலும் வாழ்ந்திருக்கிறார்கள். மண்டியிட்டு ஒற்றைத் தட்டையால் போடும் பந்தயப் படகுக்குக் கேனோ என்று பெயர். 2023-இல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் அர்ஜுன் சிங், சுனில் சிங் இருவரும் 1000 மீட்டர் இரட்டையர் பிரிவில் வெண்கலம் வாங்கியது இந்தக் கேனோவில்தான். கயாக் வேறு. காலை நீட்டி உட்கார வேண்டும். துடுப்புக்கு இரு முனையிலும் தட்டை. ஆர்க்டிக் பகுதியின் இனுவிட் மக்கள் சீல் வேட்டைக்காகத் தோலைப் போர்த்திச் செய்த படகு அது. அவர்களில் கிரீன்லாந்துக்காரர்களின் துடுப்பு ஒல்லியான நீண்ட மரத்துண்டு. இன்றும் அதை விரும்பி வைத்திருப்பவர்கள் உண்டு. நமக்குப் படகுக் குழாமில் கிடைப்பது அலுமினியத் தண்டும் பிளாஸ்டிக் தட்டையும்.

முதலில் நீளம். ஆள் உயரத்தை வைத்துத்தான் துடுப்பின் நீளத்தை முடிவு செய்ய வேண்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிதான் சரி. படகின் அகலம்தான் முதலில் பார்க்க வேண்டியது. உட்கார்ந்த இடத்திலிருந்து பக்கவாட்டைத் தாண்டித் தட்டை முழுவதும் தண்ணீருக்குள் போக வேண்டும். படகு அகலமாக இருந்தால் தண்ணீர் தள்ளி இருக்கும், துடுப்பு நீளமாக வேண்டும். முட்டுக்காடு போன்ற இடங்களில் வாடகைக்கு விடும் மேலே உட்காரும் வகைப் படகுகள் பெரும்பாலும் 75 செ.மீ.க்கு மேல் அகலம். அதற்கு 230 முதல் 240 செ.மீ. நீளத் துடுப்பு வேண்டும். 60 செ.மீ.க்குள் இருக்கும் ஒடுக்கமான கடல் கயாக் என்றால் 210 முதல் 220 போதும். பாறைகளுக்கிடையே பாயும் ஆற்று நீரில் ஓட்டுகிறவர்கள் 190, 200 என்று இன்னும் குட்டையானதை வைத்திருப்பார்கள். அவர்களுக்குச் சட்டுச்சட்டென்று பக்கம் மாற்ற வேண்டியிருக்கும். இந்த வரம்புக்குள் ஐந்தடி உயரப் பெண்மணி குறைந்த எண்ணையும், ஆறடி ஆள் கூடிய எண்ணையும் எடுத்துக்கொள்ளலாம். உயரத்துக்கு அவ்வளவுதான் வேலை. பத்து வயதுப் பிள்ளையின் கையில் 240 செ.மீ. துடுப்பைக் கொடுப்பது கொடுமை. குழந்தைகளுக்கென்று மெல்லிய தண்டோடு 180 முதல் 200 வரை நீளத்தில் துடுப்பு வருகிறது. அது இல்லாத இடத்தில் பிள்ளையைத் துடுப்புப் போட வைக்காமல் முன்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போவதே நல்லது.

நீளம் தவறினால் என்ன ஆகும் என்பதைப் படகில் ஏறிய ஐந்தே நிமிடத்தில் கண்டுபிடிக்கலாம். துடுப்பு போடும்போது விரல் முட்டி படகின் விளிம்பில் இடித்தால், அல்லது தட்டையை முழுக்க முக்குவதற்காக நீங்கள் பக்கவாட்டில் சாய வேண்டியிருந்தால், குட்டை. ஒவ்வொரு தடவையும் படகின் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்பி, அதைச் சரிசெய்யவே பாதி பலம் செலவானால், அநேகமாக நீளம். துடுப்பு படகை விட்டு எவ்வளவு தள்ளி நீரில் இறங்குகிறதோ அவ்வளவுக்கு அது படகைத் தள்ளுவதற்குப் பதில் திருப்பும். படகு பாம்பாக நெளிவதற்குக் காரணம் இதுதான். பிச்சாவரத்தின் ஒடுங்கிய கால்வாய்களில் இன்னொரு தொல்லையும் சேர்ந்துகொள்ளும்: நீளத் துடுப்பு இருபுறமும் அலையாத்தி வேர்களில் மாட்டும். அங்கே துடுப்பைச் சற்றுச் செங்குத்தாகப் பிடித்துப் போடுவதுதான் வழி.

அடுத்தது எடை. சொந்தமாகத் துடுப்பு வாங்க நினைப்பவர்களுக்கு நான் அழுத்திச் சொல்ல விரும்புவது இது: படகில் மிச்சம் பிடித்தாலும் பிடியுங்கள், துடுப்பில் பிடிக்காதீர்கள். படகின் எடையைத் தண்ணீர் தாங்குகிறது, துடுப்பின் எடையை உங்கள் தோள் தாங்குகிறது. அலுமினியத் தண்டுத் துடுப்பு ஒரு கிலோவுக்கு மேல் இருக்கும். கண்ணாடியிழை 900 கிராம் அளவில், கார்பன் இழை 700 கிராம் அளவில். முந்நூறு கிராம் ஒரு பெரிய எடையா என்று தோன்றும். சாதாரண வேகத்தில் போகும் ஒருவர் ஒரு கிலோமீட்டருக்கு 600 தடவையாவது துடுப்பு போடுகிறார். 300 கிராமை 600 தடவை தூக்குவது 180 கிலோ. மூன்று கிலோமீட்டர் போய் வந்தால் அரை டன்னைத் தாண்டும். மறுநாள் காலையில் கையை ஏன் தூக்க முடியவில்லை என்பதற்கு இந்தக் கணக்கே பதில். கார்பனின் விலை எல்லோருக்கும் கட்டுப்படியாகாது, தரை தட்டும் ஆழமில்லாத நீரில் அது கல்லில் பட்டால் விளிம்பு சிதறவும் செய்யும். மாதம் ஓரிரு முறை போகிறவருக்குக் கண்ணாடியிழைத் தண்டு நடுத்தரமான, நல்ல தேர்வு. அலுமினியத்தில் இன்னொரு குறை, வெயிலில் கிடந்தால் தண்டு சுடும். சித்திரை மாதத்து முட்டுக்காட்டில் அதைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

தட்டையின் அகலத்தில் ஆசை வைக்காதீர்கள். பெரிய தட்டை நிறையத் தண்ணீரைப் பிடிக்கும், படகு சட்டென்று பாயும், பார்க்க வீரமாக இருக்கும். ஆனால் ஒவ்வொரு பிடியும் கனக்கும். நிதானமாக ஒரு மணி நேரம் போகிறவருக்கு ஒல்லியான, சற்று நீண்ட தட்டைதான் உகந்தது. பந்தயக்காரர்கள் கரண்டி போலக் குழிந்து, விமான இறக்கை போல வளைந்த தட்டை வைத்திருக்கிறார்கள். 1980-களில் ஸ்வீடனில் உருவான வடிவம் அது. ஒலிம்பிக்கில் 1936-லிருந்து இருக்கும் கயாக் பந்தயத்தின் போக்கையே மாற்றிவிட்டது. புதிதாகப் பழகுகிறவருக்கு அது வேண்டாம்; நேராகப் போவதற்கு மட்டுமே அது நன்றாக உழைக்கும்.

சாதாரணத் தட்டையிலும் ஒரு குழிவு உண்டு. குழிந்த பக்கம் உங்களைப் பார்த்து இருக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள். தட்டையை உற்றுப் பாருங்கள், மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் ஒரே நீளம் இருக்காது. நீண்ட விளிம்பு மேலே, வெட்டுண்டதுபோல் குட்டையானது கீழே. நீரில் சாய்வாக இறங்கும்போது தண்டின் இருபுறமும் ஒரே அளவு பரப்பு நனைவதற்காக இப்படி வெட்டியிருக்கிறார்கள். தலைகீழாகப் பிடித்தால் தட்டை தண்ணீருக்குள் பதறும். அந்த நடுக்கம் உள்ளங்கையில் தெரியும். நடுக்கத்தை அடக்க விரல்கள் தானாக இறுகும். இறுகினால் கொப்புளம். தட்டையில் கம்பெனி பெயர் அச்சிட்டிருந்தால் வேலை சுலபம், எழுத்து நிமிர்ந்து நின்றால் நீங்கள் பிடித்திருப்பது பெரும்பாலும் சரி. தண்டின் இருபுறமும் தட்டைக்கு அருகில் ரப்பர் வளையம் இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்டு வழியாக வழியும் தண்ணீரை அது தடுத்து வெளியே சொட்ட வைக்கும். மடி நனைவதற்கு அந்த வளையம் இல்லாததும் ஒரு காரணம்.

சில துடுப்புகளில் நடுவில் ஒரு பொத்தான் இருக்கும். அதை அழுத்தி ஒரு தட்டையை இன்னொன்றுக்குச் சாய்கோணத்தில் திருப்பி வைக்கலாம். நீருக்கு மேலே இருக்கும் தட்டை எதிர்க்காற்றில் அகலவாக்கில் மோதாமல், விளிம்பால் காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஆனால் அப்படித் திருப்பி வைத்தால் ஒவ்வொரு தடவையும் ஒரு மணிக்கட்டைப் பின்னால் முறுக்க வேண்டியிருக்கும். பழகாதவர்களுக்கு மணிக்கட்டு வீங்கும். முதல் சில மாதங்கள் இரண்டு தட்டையும் ஒரே தளத்தில், கோணம் பூஜ்ஜியத்தில் இருக்கட்டும்.

இனி பிடி. துடுப்பைத் தலைமேல் கிடையாக வையுங்கள். முழங்கைகள் செங்கோணத்தில் மடியும்படி கைகளை நகர்த்துங்கள். அதுதான் உங்கள் பிடியின் அகலம். அப்படியே முன்னால் இறக்குங்கள். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் வளையம் போட்டால் போதும், மற்ற மூன்று விரல்கள் சும்மா படிந்திருக்கட்டும். மேலே போகும் கையைத் தள்ளும்போது விரல்களை விரித்தே காட்ட முடிய வேண்டும். முடியவில்லை என்றால் அதிகமாக இறுக்குகிறீர்கள்.

உட்காருவதில்தான் பாதி வித்தை. சோபாவில் சாய்வதுபோல் முதுகுத் தாங்கியில் சாய்ந்தால் கதை முடிந்தது. நிமிர்ந்து, இடுப்பிலிருந்து ஒரு விரற்கடை முன்னால் சாய்ந்து, முழங்காலைச் சற்று மடித்து, பாதங்களைக் கால்தாங்கியில் ஊன்ற வேண்டும். பாதம் ஊன்ற இடம் கிடைக்காத படகில் பலத்தோடு துடுப்பு போடவே முடியாது. ஏறியதும் கால்தாங்கியைச் சரிசெய்யச் சொல்லுங்கள்.

ஏன் பாதம்? வைகாசியில் காஞ்சி வரதராஜப் பெருமாள் தேர் வடம் பிடிக்கிறவர்களைப் பாருங்கள். யாரும் முழங்கையை மடக்கி வடத்தை நெஞ்சுக்கு இழுப்பதில்லை. கை நீண்டபடியே வடத்தைப் பற்றியிருக்கும். காலை ஊன்றி உடம்பைச் சாய்ப்பார்கள், தேர் நகரும். கயாக்கிலும் அதேதான். புஜத்துச் சதை சின்னது, பத்து நிமிடத்தில் ஓய்ந்துவிடும். இடுப்பு, முதுகு, வயிற்றுச் சதைகள் பெரியவை, மணிக்கணக்கில் உழைக்கும். கை வெறும் கொக்கி.

வலப்பக்கம் ஒரு தடவை போடுவதை நிதானமாகப் பார்ப்போம். முதலில் இடுப்பைத் திருப்புங்கள், வலது தோள் முன்னால் போகும், வலது கை ஏறக்குறைய நேராக நீளும். தட்டையைக் கால்விரலுக்கு நேராக, படகை ஒட்டி, நீருக்குள் இறக்குங்கள். அடிக்க வேண்டாம், செருகுங்கள். "தொப்" என்று சத்தம் வந்தால் தட்டையோடு காற்றும் உள்ளே போயிருக்கிறது. காற்றைப் பிடித்து எதையும் தள்ள முடியாது. தட்டை முழுக்க முங்கிய பிறகுதான் பலம் கொடுக்க வேண்டும். பழகாதவர்கள் பாதி முங்கும்போதே இழுக்கத் தொடங்குவார்கள். இப்போது வலது பாதத்தைக் கால்தாங்கியில் அழுத்தி, திருகிய இடுப்பை அவிழ்த்து விடுங்கள். தட்டை நீரில் நட்ட கம்பம், அதைப் பிடித்துப் படகை முன்னால் இழுக்கிறீர்கள் என்று மனத்தில் வைத்துக்கொண்டால் அசைவு தானாகத் திருந்தும். மேலே இருக்கும் இடது கை கண்மட்டத்துக்கும் தாடைக்கும் நடுவே முன்னோக்கிப் போக வேண்டும்.

தட்டை இடுப்புக்கு நேராக வந்ததும் பக்கவாட்டில் வெளியே எடுத்துவிடுங்கள். புதியவர்கள் எல்லோரும் தவறுவது இங்கேதான். இன்னும் கொஞ்சம் இழுத்தால் இன்னும் கொஞ்சம் போகலாமே என்று முதுகுக்குப் பின்னால் வரை இழுக்கிறார்கள். இடுப்பைத் தாண்டிய தட்டை தண்ணீரைப் பின்னால் தள்ளுவதில்லை, மேலே தூக்குகிறது. அதனால் படகின் பின்பக்கம் அமுங்கும், வேகம் குறையும். பின்னால் தண்ணீர் வாரி இறைபட்டால், பின்னால் வருகிற நண்பர் நனைந்தால், இதுதான் நடக்கிறது. தட்டை வெளியே வரும்போது உங்கள் இடுப்பு ஏற்கெனவே அடுத்த பக்கத்துக்குத் திருகியிருக்கும். அங்கிருந்து இடப்பக்கம் அப்படியே செருகினால் போதும். சட்டைப் பொத்தான் வரிசை வலமும் இடமும் திரும்பித் திரும்பிப் போகிறதா என்று எதிரே வருகிறவரைக் கேளுங்கள். பொத்தான்கள் அசையாமல் நேரே பார்த்துக்கொண்டிருந்தால் நீங்கள் கையால்தான் ஓட்டுகிறீர்கள்.

திருப்புவதற்குத் தனி வீச்சு. மேலே சொன்னதற்கு நேர்மாறாக, துடுப்பைத் தாழ்த்தி, கால்விரல் பக்கம் தொடங்கி, படகை விட்டு எவ்வளவு தூரம் தள்ளிப் போக முடியுமோ அவ்வளவு தள்ளி, அரை வட்டமாகப் படகின் பின்முனை வரை வீசுங்கள். வலப்பக்கம் வீசினால் மூக்கு இடப்பக்கம் திரும்பும். நின்ற இடத்திலேயே திரும்ப வேண்டுமானால் வலப்பக்கம் முன்னிருந்து பின்னாக ஒன்று, இடப்பக்கம் பின்னிருந்து முன்னாக ஒன்று. நிறுத்த, இருபுறமும் மாற்றி மாற்றிச் சின்னச் சின்னதாகப் பின்னோக்கிப் போட்டால் மூன்று நான்கில் படகு நின்றுவிடும். படகு ஒரு பக்கம் ஆடினால் பதறிப்போய் விளிம்பைப் பிடிக்காதீர்கள். அந்தப் பக்கம் தட்டையின் முதுகை நீர்ப்பரப்பில் தட்டையாக அழுத்துங்கள், படகு நிமிரும்.

காற்றைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. நம் கடற்கரையில் கோடையில் முற்பகல் கடந்ததும் கடற்காற்று எழுகிறது. முட்டுக்காட்டின் உப்பங்கழி ஆழமில்லாதது, திறந்தவெளி. காற்று வந்தால் நீர் உடனே சிலிர்க்கும். கயாக்கின் மூக்கு காற்று வரும் திசைக்கே திரும்பப் பார்க்கும். எனவே முடிந்தவரை காலையிலேயே நீரில் இறங்கிவிடுவது நல்லது. போகும்போது காற்றை எதிர்த்துப் போங்கள், திரும்பும்போது அது தள்ளிக்கொண்டு வரும். மாற்றிச் செய்கிறவர்கள்தான் களைத்த கையோடு எதிர்க்காற்றில் மாட்டிக்கொள்கிறார்கள். கடலைப் பார்த்த பக்கம், பாலத்தைத் தாண்டிய முகத்துவாரத்துக்குப் போக வேண்டாம். மணல் திட்டு உடைந்திருக்கும் நாட்களில் நீர் இறங்கும்போது அங்கே இழுப்பு பலமாக இருக்கும். வடகிழக்குப் பருவமழையில் பள்ளிக்கரணைச் சதுப்பின் உபரி நீரும் ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய் வழியாக வந்து இங்கேதான் கடலில் விழுகிறது. அந்த வாரங்களில் துடுப்பை எவ்வளவு நன்றாகப் போட்டாலும் பயனில்லை.

நம் ஊர்ப்பக்கத்து ஏரிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. சொந்தப் படகு வாங்கியவர்களுக்கு, ஏரி நிரம்பியதும் அதில் இறங்கிப் பார்க்கலாமே என்று கை துறுதுறுக்கும். ஏரியில் இரண்டு இடங்கள் ஆளை விழுங்கும். ஒன்று மதகு, திறந்திருக்கும்போது நீருக்கடியில் இழுக்கும், மேலே எதுவும் தெரியாது. இன்னொன்று கலங்கல், நிரம்பி வழியும்போது மேற்பரப்பு கண்ணாடிபோல் அமைதியாக இருந்தபடியே வேகமெடுக்கும். ஆகாயத்தாமரை மண்டிய இடத்தில் துடுப்பு சிக்கினால் படகு நகராது, இறங்கினால் சேறு. 2021 நவம்பரில் பாலாறு ஓடிய ஓட்டத்தைப் பார்த்தவர்கள் யாரும் வெள்ள நீரில் துடுப்பு வித்தை காட்ட நினைக்க மாட்டார்கள். ஏரியில் இறங்குவதற்கு நீர்வளத் துறையின் அனுமதியும் வேண்டும்.

ஆகவே முட்டுக்காட்டுக்கோ முதலியார்குப்பத்துக்கோ போங்கள். பருவமழை ஓய்ந்த தை, மாசி மாதங்கள் பழக நல்ல காலம். நீச்சல் தெரிந்திருந்தாலும் உயிர்காப்பு உடையின் வாரை இறுக்கிக் கட்டுங்கள். படகைக் காட்டும்போதே துடுப்பின் நீளத்தைக் கேளுங்கள், தட்டையின் குழிவைப் பாருங்கள், கால்தாங்கியைச் சரிசெய்யச் சொல்லுங்கள். கேட்டால் மாற்றித் தருவார்கள். கேட்கத் தயங்க வேண்டாம்.